கால்ப்ரொடெக்டின் இறங்கும்வரை

எங்கள் வீட்டு பிரிட்ஜில் என் மலம் ஒரு மணி நேரம் இருந்ததை என் மாமியார் இன்றுவரை மன்னிக்கவில்லை. லேப்பில் கொடுத்த குப்பியில் போட்டு, மூன்று உறை சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து மூடி, கீழ்த்தட்டில் ஓரமாகத்தான் வைத்திருந்தேன். அப்படியும் அவர் அன்றைக்கே பாலையும் தயிரையும் கொட்டினார், இட்லி மாவை எதிர்வீட்டு மாட்டுக்கு ஊற்றினார், பிரிட்ஜைத் திறந்துபோட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். "டீச்சராம் டீச்சர், இன்னாத்த படிச்சாளோ" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். வெளியில் வைத்திருந்தாலே ஒன்றும் ஆகியிருக்காது என்று லேப் பெண் பிறகு சொன்னாள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மனிதக் குடலைக் கரும்பலகையில் வளைத்து வளைத்து வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் போடுகிறவள். நான்கு வருடத்துக்கு முன் என் பெருங்குடலே புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகத் தொடங்கியபோது, மூலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஆறு மாதம் வீணடித்தேன். படித்தவளின் திமிர்தான், வேறென்ன. ஒருநாள் வகுப்பில் பாதிப் பாடத்தில் சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடிய பிறகுதான் விழுப்புரத்தில் குடல் டாக்டரைப் பார்த்தேன். இது பெருங்குடல் அழற்சி, முழுசாகப் போகாது, அடங்கும், அடங்கியதை அடங்கியபடியே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அது அடங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் குப்பி. உள்ளே நடப்பதை என் மாணவிகளுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்வேன். குடல் சுவரில் தினசரிக் காவலுக்கென்றே சின்னச் சின்னப் புரதங்கள் உண்டு. கிருமியைக் கண்டால் அதன் தோலில் ஓட்டை போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடும். அது போதாத இடத்துக்கு வெள்ளை அணுக்கள் படையாக வரும். அந்த அணுக்களுக்குள் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் நிறைய இருக்கிறது. அது கிருமியை அடிப்பதில்லை. கிருமி உயிர்வாழத் தேவையான துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கைப்பற்றி வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடும். நல்ல புரதம்தான். என் நோயில் என்ன கோளாறு என்றால், எதிரியே இல்லாத இடத்துக்குப் படை வருகிறது, வந்தது திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறது. யார் கூப்பிட்டார்கள் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த அணுக்கள் அங்கேயே செத்துச் சிதறும்போது புரதம் மலத்தோடு வெளியே வருகிறது. அதை அளந்தால் உள்ளே எவ்வளவு ரணம் என்று தெரிந்துவிடும்.

"வலி பொய் சொல்லும்மா. ரத்தம்கூட நின்னுடும். இது மட்டும் காட்டிக் குடுத்துடும்" என்றார் டாக்டர்.

எனக்கு அந்த எண் இறங்க வேண்டியிருந்தது நோய்க்காக மட்டும் இல்லை. எனக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணமாகி ஏழு வருடம். கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவார். ஏழு வருடத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருடம்கூடத் தேறாது. குழந்தை இல்லை. குடல் ரணமாக இருக்கும்போது கருத்தரித்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, அடங்கியிருக்கும்போது என்றால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை எண் நன்றாக வர வேண்டும், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார். அடுத்த லீவு ஜனவரியில். ஆக, செப்டம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. நான் மனசுக்குள் கட்டம் போட்டுவிட்டேன்.

மாமியார் பிரிட்ஜுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தது செப்டம்பரில். அந்த டப்பாவைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு காலை ரயிலில் விழுப்புரம் போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, நான் பையை மடியில் கட்டிப்பிடித்திருப்பதைப் பேரணி ஸ்டேஷன் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, கொழம்பா? எம்மா நேரம் கையிலியே புட்ச்சிக்கினு வருவ? குடு, மேல வெக்கிறேன்."

"வேணாங்க, பரவால்லங்க."

"அட குடும்மா" என்று பிடுங்கி, தன் பூக்கூடைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டார். விக்கிரவாண்டி தாண்டும்வரை நான் மூச்சே விடவில்லை. முண்டியம்பாக்கத்தில் அவர் கூடையோடு இறங்கிப் போன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

செப்டம்பர் எண் நன்றாக வந்தது. ஆயிரத்துக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது இரண்டு இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து குவைத்துக்கு அனுப்பினேன்.

எங்கள் குடும்பம் நடப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில். அவருக்கு அன்று விடுமுறை. நான் பள்ளி விட்டு வந்து முகம் கழுவும்போது எங்களுக்கு ஐந்து மணி, அவருக்கு மதியம் இரண்டரை. அதுவரை சாப்பிடாமல் காத்திருப்பார். போனைத் தண்ணீர் கேன் மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சமைப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வெங்காயத்தை அவர் ரொம்பப் பெரிதாக நறுக்குவார். பக்கத்தில் இருந்தால் கத்தியைப் பிடுங்கியிருப்பேன். என் குடல் மோசமாக இருந்த நாட்களில் எனக்குக் குழைந்த சாதமும் மோரும்தான். நான் அதைச் சாப்பிட்டால் அவரும் அதையே வைத்துக்கொண்டு உட்காருவார். ஒருநாள் தட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டு எலும்பு தெரிந்தது.

"அது இன்னா?"

"எது?"

"அந்த எலும்பு."

"ரூம்ல இருக்கறவன் துண்ணுட்டுப் போட்டது டீச்சர்" என்றார். எல்லாருக்கும் முன்னால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், தனியாக இருந்தாலும் அதேதான். அந்தப் பொய்க்காக அவரை அப்போதே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போன் கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தேன், திரை பெரிதாகி அவர் காது மட்டும் தெரிந்தது. வீட்டில் அவர் சட்டை ஒன்று கொடியில் எப்போதும் தொங்கும். துவைத்துத் துவைத்து அதில் சோப்பு வாசனைதான் மிச்சம். ஆனாலும் எடுத்து வைக்க மனசு வராது.

செப்டம்பர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவர் "பேரு யோசிக்கலாமா?" என்று கேட்டார். "வாயை மூடுங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று அதட்டினேன். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நான் பெயர்தான் யோசித்தேன்.

நவம்பர் கடைசியில் மழையோடு முட்டி வலி வந்தது. குடல் நோய்க்காரர்களுக்கு மூட்டிலும் வலி வருவது உண்டு. அரையாண்டுத் தேர்வு வேறு. நின்றுகொண்டே கண்காணிப்பு, மாடிப்படி, விடைத்தாள் கட்டு. வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிற வேலையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

"ஏம்மா இப்டி நொண்டிக்கினு திரியற?" என்றார் மாமியார். "அவன் வர்ற நேரத்துல நீ படுத்துக்கினா பேஜாரா பூடும். இரு, ஜல்தியா வந்துட்றேன்."

முனை மெடிக்கலுக்குப் போய் 'ஒரு செட்டு' வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உண்டு. ஜுரம் என்று சொன்னால் ஜுரத்துக்கு ஒரு செட்டு, உடம்பு வலி என்றால் அதற்கு ஒரு செட்டு. கடைக்காரர் அட்டைகளிலிருந்து ரோஸில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் பாதி என்று கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. அதை யாரும் மருந்து என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மருந்து என்றால் டாக்டர் எழுதித் தருவது. செட்டு என்றால் டீ குடித்த மாதிரி.

பத்து நாள் போட்டேன். வலி பறந்துவிட்டது. மாமியார் சலிக்காமல் போய்ப் போய் வாங்கி வந்தார். அதே வாரத்தில் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், கூட்டத்தில் இடிபட்டு, எனக்காக அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டு குங்குமமும் கொண்டுவந்தார். அவர் என்னைத் திட்டுவதும் எனக்காக அலைவதும் ஒரே வேகத்தில்தான் நடக்கும்.

டிசம்பர் இரண்டாம் வாரம் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது லேப் பெண் படிவத்தில் எழுதிக்கொண்டே, "வேற எதுனா மாத்திரை எடுத்துக்கினு இருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"குடலுக்குக் குடுத்தது மட்டும்தான்" என்றேன். பொய் என்று தோன்றவே இல்லை. வலி நிவாரணி குடலை என்ன செய்யும் என்று பன்னிரண்டாம் வகுப்புக்கு வாய் வலிக்க நடத்துகிறவள் நான். அந்தப் பாடத்துக்கும் என் கைப்பைக்குள் கிடந்த காகித உறைக்கும் நடுவில் ஒரு தொடர்பும் எனக்கு உறைக்கவில்லை.

நான்கு நாளில் முடிவு போனுக்கு வந்தது. ஆசிரியர் அறையில் நின்றபடி திறந்தேன். எண் மறுபடி மூன்று இலக்கத்துக்கு எகிறியிருந்தது. பக்கத்தில் யாரோ கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு கையில் வைத்தபடியே நின்றேன்.

டாக்டர் திட்டவில்லை. அவரும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். "உள்ள கேமரா விட்டுப் பாத்துடலாம்மா. ஜனவரி முதல் வாரம் வாங்க. பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் குழந்தை வேணாம்."

ஜனவரி முதல் வாரம்தான் என் கணவர் வருகிறார். கேமரா சோதனை என்றால் முந்தைய நாளெல்லாம் பேதி மருந்து, மறுநாள் மயக்கம், அதற்கு மறுநாள் சோர்வு. நாற்பதில் மூன்று நாள் போய்விடும். அந்த மூன்று நாளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எண்தான் சொல்லிவிட்டதே, கேமரா புதிதாக என்ன சொல்லப்போகிறது என்று நினைத்தேன். "லீவு முடிஞ்சதும் வர்றேன் சார்" என்று பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டேன்.

அவர் வந்தார். முன்னால் முடி கொட்டியிருந்தது. பெட்டியைத் திறந்து எனக்கு வாசனைத் திரவியம், அவர் அம்மாவுக்குத் தைலம், பாதாம் பருப்பு என்று எடுத்துப் போட்டார். பெட்டியின் அடியில், ஒரு துண்டுக்குள் சுற்றி, கைக்குட்டை அளவில் மஞ்சள் நிறக் குழந்தைச் சட்டை ஒன்று இருந்தது. செப்டம்பர் காகிதம் வந்த வாரம் வாங்கியிருக்கிறார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "சேல்ல போட்டுக்கினு இருந்தான், சும்மா வாங்கனேன்" என்றார். அதை மறுபடி துண்டிலேயே சுற்றி பீரோவில் வைத்தார்.

அவர் என்னைத் தொடப் பயந்தார். வேண்டிய பாதுகாப்புக்குக் கடையில் வழி இல்லாமல் இல்லை. அதைச் சொன்னேன்கூட, வெட்கத்தை விட்டு. "உனக்கு உள்ள புண்ணு இருக்குது டீச்சர், எதுனா ஆச்சின்னா?" என்று பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை, அந்த எண்ணின் மேல். சாப்பாட்டிலும் அப்படித்தான். பொங்கலுக்கு வயலிலிருந்து பச்சை மல்லாட்டை வந்தது, வேர்க்கடலைதான். வேகவைத்து முறத்தில் கொட்டி எல்லாரும் உட்கார்ந்து உரித்துத் தின்றார்கள். நான் நோயாளி என்று குழைந்த சோறும் மோருமாக அடுக்களையில் இருந்தேன். அவர் உரித்த பருப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசற்படி வரை வந்தார், என் தட்டைப் பார்த்தார், தானே வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். பதினைந்தடி தூரத்தில் இருந்த மனிதருக்காக நான் அந்த நாற்பது நாளும் ஏங்கினேன். அவர் குவைத்தில் இருந்தபோதுகூட அப்படி ஏங்கியதில்லை.

பிப்ரவரியில் அவரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த சனிக்கிழமை கேமரா சோதனைக்குப் போனேன். மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மாமியார் வந்தார். சோதனை முடிந்து, தலை தெளிந்து, இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

"உள்ள சுத்தமா இருக்கும்மா" என்றார் டாக்டர். "பழைய தழும்பு இருக்கு, அவ்ளோதான். எனக்குத்தான் புரியல. டிசம்பர்ல அந்த நம்பர் ஏன் வந்துது? அந்த ரிப்போர்ட்ட குடுங்க."

கைப்பையைத் துழாவினேன். ரிப்போர்ட்டோடு கசங்கிய காகித உறையும் வந்து மேசையில் விழுந்தது. கடைசி செட்டு, போடாமல் விட்டது.

"இது இன்னாது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அது ஒண்ணும் இல்ல சார். முட்டி வலிக்குச் செட்டு. பாவம், நொண்டிக்கினு இருந்தாளேன்னு நாந்தான் வாங்கியாந்து குடுத்தேன். பத்து நாள்ல புள்ள எழுந்து நடந்துடுச்சி."

டாக்டர் உறையைப் பிரித்து ரோஸ் மாத்திரையை மட்டும் விரலால் தனியே தள்ளினார். எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இந்த வலி மாத்திரை குடலைச் சீண்டும்மா. சீண்டினா அந்த அணுவெல்லாம் வரும், புரதம் ஏறும். நிறுத்தின கொஞ்ச நாள்ல தானா எறங்கியிருக்கும். உங்க பழைய நோவு திரும்பி வரவே இல்ல." அப்புறம் மெதுவாக, "ஜனவரியிலியே கேமரா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஒரு வார்த்தை இல்லை. அவர் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப எம்மாலதானா?" என்றார்.

எனக்கு வாயில் நிறைய வந்தது. ஆமாம் என்று கத்தியிருப்பேன். அவர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது.

"இல்ல அத்தை. எம்மாலதான். ரெண்டு பேரு கேட்டாங்க. நான்தான் இல்லன்னு சொன்னேன். கேமரா வேணாம்னு தள்ளிப் போட்டதும் நான்தான்."

அது உண்மை. உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள், எனக்கு ஒன்றும் குறையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். குடல் ஆறிவிட்டது, அந்த நாற்பது நாளும் ஆறித்தான் இருந்தது, எண் ஏறியது செட்டால், நான் தள்ளிப்போட்ட மூன்று நாளில் அது தெரிந்திருக்கும். அவர் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப உனக்கு உள்ள ஒண்ணும் இல்ல. அதான?" என்றார்.

"இல்ல."

"நல்லா கேட்டியா? சுத்தமா இல்லன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டார். "எனக்கு அது போதும் டீச்சர். மீதிய அடுத்த லீவுல பாத்துக்கலாம்."

அடுத்த லீவு என்றால் ஒன்றரை வருடம். எனக்கு முப்பத்தேழு நடந்துகொண்டிருக்கும். ஏழு வருடமாக அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் நான், "சரிங்க, ஒடம்ப பாத்துக்கங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு நான் அவ்வளவு பழகிப்போயிருந்தேன்.

"எனக்குப் போதாதுங்க" என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். "கொழந்தைக்காக மட்டும் சொல்லல. நீங்க எனக்கு வேணும். லீவுல இல்ல. வந்துடுங்க."

அவர் "பாக்கறேன்" என்றார். அவர் பார்க்கிறேன் என்று சொன்ன எதுவும் இதுவரை நடந்ததில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எப்போங்க?" என்று கேட்டேன்.